மூன்றாவது சிவப்பு

போன செவ்வாய்க்கிழமை ஒரு கண்டெய்னர் டிரெய்லரின் கேபினில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஆறு நாள் ஆகிவிட்டது. இன்னமும் எங்காவது லாரி ஹாரன் கேட்டால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்றுவிடுகிறேன்.

எனக்கு லாரியில் என்ன வேலை? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததுதான் காரணம்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மாதம் முன்பு, லாரி டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஏ.ஐ. கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். கண் அசந்தால் சத்தம் போடும். போனைக் காதில் வைத்தால் ஆபீசுக்குக் கோள் சொல்லும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு சேர்கிறவன் நான். எனக்கு அந்தக் கேமரா ரொம்பப் பிடித்துப்போனது. 'ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு என்ன பயம்?' என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். நானும் நான்கு நாள் கொஞ்சம் மிதப்பில்தான் திரிந்தேன்.

பாராட்டாத ஒரே ஆள் டேவிட்.

திருவொற்றியூரில் எங்கள் பிளாட்டுக்குக் கீழ் வீடு அவருடையது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். இருபத்தைந்து வருஷமாக ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் மனைவி நான் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் மாடிப்படியில் டேவிட் என்னை நிறுத்தினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"நல்லாத்தான் எழுதிகீறீங்கோ சார். ஒரு நாளு வந்து வண்டில குந்திப் பாருங்கோ. அப்பால எழுதுங்கோ."

என்னிடம் யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் தூக்கம் வராது. வருகிறேன் என்றேன். கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு, தாராளமாகக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் என்று டேவிட்டே வந்து சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் வண்டி நின்றது. மூன்று படி உயரம். ஐம்பத்தெட்டு வயது முட்டியைக் கெஞ்சி, கொஞ்சி, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

முதலில் தேடியது கேமராவைத்தான். கண்ணாடிக்கு மேலே, தீப்பெட்டி அளவு, கறுப்பு நிறம். இவ்வளவுதானா... என்று நினைத்தேன். வண்டி கிளம்பியதும் ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம். பாதுகாப்பாக வாகனத்தை இயக்கவும்."

இப்படித் தமிழ் பேசுகிற பொம்பளையை ராயபுரத்தில் தான் பார்த்ததே இல்லை என்றார் டேவிட். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு, உதட்டை ரொம்ப அசைக்காமல் பேசினார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். தப்பு செய்தால் கேமரா ஒரு சிவப்புக் குறி போடும். ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் டிரைவரின் ஐடி பதினைந்து நாள் லாக். வண்டியைத் தொட முடியாது, ஹார்பர் கேட்டுக்குள் போக முடியாது. அதற்கப்புறம் திரும்பக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் கம்பெனி இஷ்டம். மணலி பக்கம் ஒருவரை அப்படித்தான் கூப்பிடவே இல்லை. டேவிட்டுக்கு இந்த மாதம் இரண்டு விழுந்துவிட்டது. மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

இரண்டும் எதற்கு விழுந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது... என் போன கட்டுரை கண் முன்னால் வந்து நின்றது.

முதல் சிவப்பு, மாதா கோவில் முன்னால். கோவிலைத் தாண்டும்போது நெற்றியில், நெஞ்சில், தோளில் சிலுவை போட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தம் கொடுப்பது அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பழக்கம். கை வாய்ப்பக்கம் போனதும் கேமரா அதைப் போன் என்று முடிவு கட்டிவிட்டது. இப்போதெல்லாம் கையை எடுக்காமல் மனசுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறாராம்.

இரண்டாவது, கியூவில். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் கடலோரமாக மைல் கணக்கில் வரிசையில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு வண்டி நீளம் நகரும். டிரைவருக்குச் சாப்பிட வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும். என்ன செய்வார்? பின்னால் நிற்கிற வண்டிக்காரரிடம் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போவார். வரிசை நகர்ந்தால் அவர் ஓடி வந்து, இந்த வண்டியில் ஏறி, முன்னால் நகர்த்திவிட்டு, திரும்ப ஓடிப்போய்த் தன் வண்டியையும் நகர்த்துவார். அடுத்த முறை இவர் அவருக்கு. யார் கம்பெனி, யார் வண்டி என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கியூ உண்டான நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

டேவிட்டுக்கு அப்படி நகர்த்திவிடுகிறவர் செல்வம். அதே கம்பெனி, இருபது வருஷ தோஸ்து. இரண்டு வாரம் முன்பு டேவிட் நாஷ்டா சாப்பிட இறங்கியபோது செல்வம் ஏறி நகர்த்தினார். டேவிட்டின் சீட்டில் வேறு முகம். கேமரா விடுமா? 'அங்கீகரிக்கப்படாத ஓட்டுநர்' என்று போட்டுவிட்டது.

அன்றிலிருந்து டேவிட் கியூவில் வண்டியை விட்டு இறங்குவதில்லை. இறங்கத் தேவைப்படக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார்.

நான் என் நோட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மேட்டர் கிடைத்த சந்தோஷத்தில் ஒருவன் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மறந்துவிடுவான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பத்து மணிக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையின் வாலைப் பிடித்தோம். இடது பக்கம் கடல். எங்களுக்கு நேர் பின்னால் செல்வத்தின் வண்டி. ஏசி கிடையாது. இன்ஜின் சூடு காலுக்கடியில் ஏறிக்கொண்டே இருந்தது.

பதினொன்று. என் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். டேவிட் வாங்கவில்லை. கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் கேமராவைக் காட்டினார். பிஸ்கட்டை வாயில் வைத்தால் அதுவும் போனாகிவிடுமே! இன்ஜினை நிறுத்தினால் கேமராவும் நின்றுவிடும். ஆனால் மறுபடி கிளப்பி, முகத்தைக் காட்டி, அது சரி சொல்வதற்குள் பக்கத்து வரிசை வண்டி முன்னால் மூக்கை நுழைத்துவிடும். அப்புறம் அன்றைக்குக் கேட்டைப் பார்த்தமாதிரிதான்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். வழக்கமாகக் கண்டெய்னர் ஏற்றுகிற யார்டில் சாப்பிடுவாராம். அன்றைக்கு லோடு உடனே தயாராகிவிட்டது.

"மாத்திரை மட்டும் போட்டுகினேன் சார். சுகரு கீது. கேட்டாண்ட போனா துன்னுக்கலாம்... இன்னா, ஒரு அவர்."

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் அந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். தெரியும். ஆனாலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? 'சாப்பிடப் பயப்படும் டிரைவர்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. டேவிட்டின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. முதலில் இரண்டு வாக்கியம், அப்புறம் ஒரு வார்த்தை, அப்புறம் வெறும் 'உம்'. என் கேள்விகள் அலுத்துவிட்டன போலிருக்கிறது என்று நினைத்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் இருந்த கை லேசாக நடுங்கியது. இன்ஜின் அதிர்வு என்று நினைத்தேன். மனிதன் எத்தனை சமாதானம்தான் கண்டுபிடிப்பான்!

ஒரு மணி இருக்கும். சைக்கிளில் கேன் கட்டிய டீக்காரர் ஒருவர் எங்கள் வண்டிக்கும் முன்வண்டிக்கும் நடுவே வந்து நின்றார். முன்வண்டி டிரைவர் ஜன்னல் வழியே கேட்க, இவர் குனிந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கண்ணாடிக்குக் கீழே அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

அந்தத் தலை மெல்ல எங்களுக்குக் கிட்டே வந்தது.

தலை எப்படிக் கிட்டே வரும்? ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. நகர்ந்துகொண்டிருந்தது எங்கள் வண்டி.

"தயவுசெய்து கண்களைத் திறக்கவும்" என்றது கேமரா.

திரும்பினேன். டேவிட்டின் கண் பாதி மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. பிரேக்கில் இருந்த கால் நழுவிவிட்டது. அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் சரிவு. நடைவேகம்கூட இல்லை. ஆனால் பின்னால் இருப்பது லோடு ஏற்றிய கண்டெய்னர். அது நிதானமாக ஒரு மனிதரை முன்வண்டியோடு வைத்து நசுக்கப்போகிறது... நான் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

டேவிட்டின் தோளைப் பிடித்து உலுக்கினேன். டீக்காரரைப் பார்த்துக் கத்தினேன். நூறு வண்டி இன்ஜின் ஓடுகிற இடத்தில் அவருக்கு எப்படிக் கேட்கும்? பிரேக் எது? எதை இழுக்க வேண்டும், எதை மிதிக்க வேண்டும்? வாரா வாரம் உலகத்துக்கே யோசனை சொல்கிறவனுக்கு அது தெரியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "செல்வம்... செல்வம்..." என்று அலறினேன்.

செல்வம் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தார். பிரேக் விளக்கு அணைந்து, வரிசை நகராமல் இந்த வண்டி மட்டும் உருள்வதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். டிரைவர் பக்கத்துப் படியில் தாவி ஏறிக் கதவைத் திறந்தார். ஹேண்ட் பிரேக் உள்ளே டேஷ்போர்டில் இருந்தது. அதை இழுக்க அவர் டேவிட்டுக்கு மேலே குனிய வேண்டும். குனிந்தால் முகம் நேராகக் கேமராவுக்கு முன்னால் வரும்.

அவர் நின்றார்.

கண் மேலே போயிற்று. அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தார். ஒரு நொடி இருக்குமா? ஒன்றரை நொடி? நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். தோஸ்து மயங்கிக் கிடக்கிறார், முன்னால் ஓர் உயிர், கை நீட்டினால் பிரேக். அந்த மனிதர் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டேவிட்டுக்கு எங்கோ அரைகுறையாக நினைவு இருந்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலேயே முனகினார்.

"ஏறாத மச்சான்... அது பாக்குது."

செல்வம் குனிந்து பிரேக்கை இழுத்தார். புஸ்ஸென்று காற்று விட்டு வண்டி குலுங்கி நின்றது. டீக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பம்பருக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அடுத்த இருபது நிமிஷம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் டேவிட்டைச் சீட்டில் சாய்த்தோம். நான் இறங்கி ஓடி, டீக்காரரிடம் சர்க்கரை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்காமல் டப்பாவையே கொடுத்தார். செல்வம் விரலில் சர்க்கரையைத் தொட்டு டேவிட்டின் கன்னத்துக்குள் தேய்த்துக்கொண்டே இருந்தார். விழுங்க முடிகிற நிலை வந்ததும் இனிப்பாக டீ கொடுத்தோம், வாய் வாயாக. பின்னால் இருந்த டிரைவர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்து வரிசையும் உள்ளே நுழையவில்லை. டேவிட் கண்ணைத் திறந்து முதலில் செல்வத்தைப் பார்த்தார், அப்புறம் கேமராவைப் பார்த்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டேவிட்டின் கண் மூடுவதை முதலில் கவனித்தது அந்தக் கேமராதான். ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த நான் கவனிக்கவில்லை. ஆனால் அவர் சாப்பிடாமல் இருந்ததும் அதற்குப் பயந்துதான். அது கண்ணைத் திறக்கச் சொன்னது. பாவம், அந்தக் கண்ணை மூட வைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை வாங்கி மாட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பாராட்டி எழுதியவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் முகத்தைப் பார்க்காதவரை எல்லாக் கேமராவும் நமக்கு நல்ல கேமராதான்.

செல்வத்தின் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஆறு மாதம் முன்பு, இந்தக் கேமரா வராத நாளில், அவர் மேலே பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு நொடி எப்படி அவருக்குள் வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

டேவிட்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். கம்பெனியின் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண். சின்ன வயசுக் குரல். டிரைவர் ஐடி லாக் ஆகப்போகிறது, இந்த டிரிப் முடிந்ததும் வண்டியை ஒப்படைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு மனிதர் செத்துப் பிழைத்திருக்கிறார், நீங்கள் சிவப்பா எண்ணுகிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். நடந்ததெல்லாம் ஸ்கிரீனில் பார்த்ததாகச் சொன்னாள். தூங்கியதற்கு விழுந்த சிவப்பு, செல்வம் உள்ளே வந்ததற்கு விழுந்த சிவப்பு, இரண்டையும் 'மெடிக்கல்' என்று குறித்து அப்போதே எடுத்துவிட்டாளாம்.

அப்படியென்றால் டேவிட் கணக்கில் பழைய இரண்டுதானே? எதற்கு லாக்?

"மூணாவது காலையிலேயே விழுந்திடுச்சு சார். ஒன்பது பன்னிரண்டுக்கு. கேபின்ல அனுமதி இல்லாத நபர்னு காட்டுது."

போனை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் சரி சொன்னாரே என்றேன், சுரத்தில்லாமல். வாயால் சொன்னது சிஸ்டத்தில் ஏறாது, மெயில் அனுப்பியிருக்க வேண்டும் என்றாள். வண்டிக்குள் ஏன் ஒரு சத்தமும் வரவில்லை என்றேன். தூக்கத்துக்கும் போனுக்கும் மட்டும்தான் சத்தம், இதெல்லாம் நேராக ரிப்போர்ட்டுக்கு வந்துவிடும் என்றாள். அதை மட்டும் தன்னால் எடுக்க முடியாது என்று வருத்தப்பட்டாள். கடைசியில், நீங்கள் யார் சார் பேசுவது என்று கேட்டாள்.

"அந்த அனுமதி இல்லாத நபர்" என்றேன்.

(மறுநாளே அந்த ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் டீ வரவழைத்துக் கொடுத்தார். என் எழுத்தை விரும்பிப் படிப்பாராம். சூப்பர்வைசரையும் எதிரிலேயே கூப்பிட்டு விசாரித்தார். அவர் ஆமாம் என்றார். ஆனாலும் விழுந்தது விழுந்ததுதானாம். டேவிட் இன்றைக்கு ஆறாவது நாளாக வீட்டில் இருக்கிறார். பதினைந்து நாள் முடிந்ததும் கூப்பிடுவார்களா என்று கேட்டதற்கு மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.)

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். டேவிட் கேபின் படியில் உட்கார்ந்திருந்தார். ஐடி லாக் என்று நான் கத்தியதிலேயே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது; அப்புறம் மெல்லப் பேசியது காதில் விழவில்லை. செல்வம் கீழே ரோட்டோரத்தில் குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன்னால்தான் போச்சு, தான் உள்ளே தலையை நீட்டினதால்தான் போச்சு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டேவிட் அவருக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். வுடு மச்சான், உசுரு கீதில்ல, அது போதும் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உண்மை தெரிந்தது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான். சும்மாதான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்... ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம். செல்வம் மூன்றாவது தடவையாக மூக்கைச் சிந்தியபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஒன்பது பன்னிரண்டு, அனுமதி இல்லாத நபர், நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

டேவிட் டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலையிலயே பூட்ச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா நிம்மதியா துன்னுட்டாவது வந்திருப்பேனே சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

செல்வம் சிரிக்கவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நடந்தார். இரண்டடி போனவர் நின்று, திரும்பிச் சொன்னார்.

"அடுத்த தபா எங்கள பத்தி எழுதணும்னா பஸ்ல வாங்க சார்."